உமிழ்நீரில் வலிநிவாரணி மருந்தை அளப்பது எப்படி: வாயிலிருந்து வரைபடம் வரை

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் மருந்தியல், பல் மருத்துவம், உயிர்வேதியியல் படிக்கும் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் இந்தத் தலைப்பை ஆய்வுக்கு எடுக்கிறார்கள். ஊசி குத்த வேண்டாம், எச்சில் போதும் என்பதால் இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் முடிவு சரியாக வராதபோது எல்லாரும் கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் முன்னால் உட்கார்ந்து தவறைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும்: நோயாளியின் வாயில், ஐஸ் பெட்டியில், அமிலம் சேர்த்த குழாயில். அதனால் இந்த வழிகாட்டி கருவிக்கு முந்தைய வேலைகளில் அதிக நேரம் நிற்கிறது.

எடுத்துக்காட்டு மருந்து இபுப்ரோஃபென். புற ஊதா உணரி பொருத்திய சாதாரண எச்.பி.எல்.சி. இருந்தால் போதும்.

1. தலைப்பு எழுதும் முன் கணக்குப் போடுங்கள்

அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணிகளில் பெரும்பாலானவை ரத்தத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாத பகுதி மட்டுமே உமிழ்நீருக்குள் கசியும். அதற்கும் ஒரு தடை உண்டு. இவை மென் அமிலங்கள். அயனியாகாத வடிவம்தான் சவ்வைக் கடக்கும். உமிழ்நீர் ரத்தத்தைவிட அமிலத்தன்மை கொண்டதாக இருக்கும்போது அங்கே சேரும் அளவு மேலும் குறையும்.

எண்களில் பாருங்கள். இபுப்ரோஃபெனின் பி.கே.ஏ. மதிப்பை (மருந்தில் பாதி அயனியாகும் பி.எச்.) 4.5 என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தின் பி.எச். 7.4, உமிழ்நீரின் பி.எச். 6.8 என்றால், ஒட்டாத மருந்தில் கால் பங்கு அளவுதான் உமிழ்நீரில் இருக்கும். 400 மில்லிகிராம் மாத்திரை உட்கொண்டவரின் பிளாஸ்மாவில் உச்சத்தில் மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொண்டால், அதில் ஒரு சதவீதம் ஒட்டாதது. அதிலும் கால் பங்கு. ஆக, உமிழ்நீரில் எதிர்பார்க்க வேண்டியது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 75 நானோகிராம்.

இதே கணக்கை டைக்ளோஃபெனாக்குக்குப் போட்டால் ஒரு நானோகிராம் அளவுக்கு இறங்கிவிடும். புற ஊதா உணரி அதைக் காணாது. மூலக்கூறுகளை நிறையால் இனம்காணும் நிறைமாலைமானி இணைந்த எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். வேண்டும். அந்தக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமலேயே டைக்ளோஃபெனாக்கைத் தலைப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வெற்று வரைபடங்களோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாப்ராக்ஸன் தானாகவே ஒளிரும் மூலக்கூறு. ஒளிர்வு உணரி இருந்தால் அதுவும் நல்ல தேர்வு.

ஆஸ்பிரினையும் அசிக்ளோஃபெனாக்கையும் முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். ஆஸ்பிரின் நீராற்பகுப்பில் சாலிசிலிக் அமிலமாகிவிடும். அசிக்ளோஃபெனாக் உடைந்து டைக்ளோஃபெனாக் தரும். எதை அளக்கிறோம் என்பதே குழம்பிப்போகும்.

2. அனுமதி, ஆள் தேர்வு

உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வராமல் ஒரு சொட்டு உமிழ்நீர்கூட வாங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களின்படிதான் குழு கேள்வி கேட்கும். ஒப்புதல் படிவத்தை நோயாளி படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதுங்கள்.

ஆரோக்கியமானவர்களுக்கு நீங்களே மாத்திரை கொடுத்து ஆய்வு செய்யப் போனால் நடைமுறை கடினமாகும். மருத்துவர் ஏற்கெனவே இந்த மருந்தை எழுதிக் கொடுத்த நோயாளிகளைச் சேர்ப்பது சுலபம். அதிலும் பல் பிடுங்கியவர்களைத் தவிர்த்து, மூட்டுவலிக்காக எலும்பு மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களை எடுங்கள். ஏன் என்பது நான்காம் பகுதியில் வருகிறது.

ஒவ்வொருவரிடமும் கடந்த ஒரு வாரத்தில் உட்கொண்ட எல்லா மாத்திரைகளையும் கேளுங்கள். "வேறு எதுவும் சாப்பிடவில்லை" என்பார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொன்னால் கதை வேறாக இருக்கும். நம் ஊர் மருந்துக் கடைகளில் இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையாகக் கிடைக்கின்றன, அசிக்ளோஃபெனாக்கும் அப்படியே. பாராசிட்டமால் புரதத்தோடு அதிகம் ஒட்டாது. அதனால் உமிழ்நீரில் ரத்தத்துக்கு நிகரான அளவில் கொட்டிக் கிடக்கும், உங்கள் வரைபடத்தின் முன்பகுதியை விழுங்கிவிடும்.

3. மேசை மேல் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

ஒப்பிட்டு அளப்பதற்கான தூய மருந்து, அதாவது நியமப் பொருள், முதலில். மாத்திரையை இடித்துக் கரைத்து நியமமாகப் பயன்படுத்தாதீர்கள். அதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நிரப்பி என்று நீங்கள் நிரூபிக்க முடியாது. தூய்மைச் சான்றிதழோடு வரும் நியமத்தை வாங்கி, சான்றிதழில் உள்ள சதவீதத்தைக் கணக்கில் சேருங்கள்.

உப்பு வடிவத்தில் வரும் நியமத்துக்குத் திருத்தம் உண்டு. டைக்ளோஃபெனாக் சோடியம் 10 மில்லிகிராம் எடுத்தால் அதில் டைக்ளோஃபெனாக் அமிலம் 9.31 மில்லிகிராம்தான். நாப்ராக்ஸன் சோடியத்தில் 9.13. இதை மறந்தால் எல்லா முடிவும் ஒரே விகிதத்தில் தவறும். எந்தத் தரக்கட்டுப்பாடும் அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் தரக்கட்டுப்பாட்டு மாதிரியும் அதே உப்பு நியமத்தில் பிறந்தது.

ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்த்து இழப்பை ஈடுசெய்யும் இன்டர்னல் ஸ்டாண்டர்டாக ஃப்ளர்பிப்ரோஃபென். இபுப்ரோஃபெனைப் போன்ற அமிலம், அதே வழியில் பிரியும், சற்று முன்னால் வெளிவரும். நோயாளிகள் அதை உட்கொள்ள வாய்ப்புக் குறைவு. ஆனாலும் தொண்டை வலிக்கான சப்பும் மாத்திரையிலும் கண் சொட்டு மருந்திலும் இருக்கிறது, கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் எச்.பி.எல்.சி. தரத்தில் வேண்டும். கடலூர், புதுச்சேரிக் கரையோர நிலத்தடி நீரின் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர் கேன் தண்ணீரை வடிகட்டி நகரும் நிலைமைக்கு (கருவிக்குள் மாதிரியைச் சுமந்து ஓடும் கரைசலுக்கு) ஊற்றியவர்களும் உண்டு. 220 நானோமீட்டரில் வரைபடத்தின் அடிக்கோடு அலைபாய்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

பாலிபுரொப்பிலீன் குழாய்கள், நீர்நாட்டமும் கொழுப்புநாட்டமும் கலந்த பாலிமர் நிரப்பிய 30 மில்லிகிராம் கார்ட்ரிட்ஜ்கள் (மருந்தைப் பிடித்துவைக்கும் சிறு குழல்கள்), அவற்றின் வழியே திரவத்தை இழுக்கும் வெற்றிட மேனிஃபோல்டு, நைட்ரஜன் சிலிண்டர், சென்ட்ரிபியூஜ், சுழற்றிக் கலக்கும் வோர்டெக்ஸ் ஆகியவை மற்ற தேவைகள். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றைத் திருப்பிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் காற்றோடு எண்ணெய்த் துளியும் வரும், வரைபடத்தில் தேவையில்லாத பீக்கும் (முகடும்) வரும்.

ஊசிமுனை வடிகட்டியை நம்புவதற்கு முன் சோதியுங்கள். தெரிந்த செறிவுள்ள நியமக் கரைசலை வடிகட்டி, வடிகட்டாததோடு ஒப்பிடுங்கள். சில சவ்வுகள், குறிப்பாக நைலான், இத்தகைய அமில மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடும். நான் வடிகட்டியையே ஒதுக்கிவிட்டு, கடைசியில் ஒருமுறை சென்ட்ரிபியூஜில் சுற்றி மேல் திரவத்தை எடுப்பேன்.

கடைசியாகக் கையுறை. கழுத்துவலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிய விரலோடு குழாய் மூடியைத் தொட்டால், நானோகிராம் தேடும் வேலையில் மைக்ரோகிராம் வந்து விழும். ஜெல் பூசியவர் அன்று மாதிரியைத் தொடக் கூடாது என்பதை ஆய்வகக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

4. உமிழ்நீர் சேகரிப்பு

இங்கேதான் அதிகம் கெடுகிறது. நேரம் கொடுத்துச் செய்யுங்கள்.

முதல் மாதிரி மாத்திரை போடுவதற்கு முன் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரின் பூஜ்ய நேர மாதிரியும் அவரவருக்கான வெற்று மாதிரி. அதில் பீக் தெரிந்தால் அவர் சொல்லாத மாத்திரை ஏதோ உள்ளே போயிருக்கிறது.

மாத்திரையை உடைக்காமல், சப்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். வாயில் ஒட்டிய தூள் ரத்தத்திலிருந்து கசிந்த மருந்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும். இந்தக் காரணத்துக்காகவே முதல் அரைமணி நேர மாதிரியை எப்போதும் சந்தேகத்தோடு பாருங்கள். பிறகு வரும் மாதிரிகளைவிட அது தாறுமாறாக உயர்ந்திருந்தால் வாய் எச்சம்தான். இபுப்ரோஃபென் ரத்தத்தில் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொடும், ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை பாதியாகும். 1, 2, 3, 4, 6 மணி நேரங்களில் எடுத்தால் போதும்.

எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து சாப்பாடு, டீ, காபி, வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது. பத்து நிமிடம் முன்னால் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். கொப்பளித்த உடனேயே எடுத்தால் நீர்த்துப்போன மாதிரிதான் கிடைக்கும், அதனால் அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

காலையில் பல் துலக்கிவிட்டு நேராக வருபவர்களின் ஈறு கசிந்திருக்கக்கூடும். ரத்தத்தில் மருந்து நானூறு மடங்கு அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் ஒரே ஒரு மைக்ரோலிட்டர் பிளாஸ்மா கலந்தால் 30 நானோகிராம் கூடிவிடும். உண்மையான அளவு 75 என்றால், கண்ணுக்கே தெரியாத கசிவு முடிவை 40 சதவீதம் ஏற்றிவிடுகிறது. பல் பிடுங்கியவர்களை வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஈறு நோய் உள்ளவர்களையும் விலக்குங்கள். லேசான இளஞ்சிவப்பு தெரிந்தாலே அந்தக் குழாயை ஒதுக்கிவிடுங்கள். மேசைக்குறிப்பில் காரணத்தை எழுதுங்கள்.

தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வாயில் சேர்வதைத் தானாகக் குழாயில் வழியவிடுவதே நல்ல முறை. காறித் துப்பினால் சளியும் நுரையும் வரும். பஞ்சு வைத்து உறிஞ்சும் குழாய்கள் வசதிதான். ஆனால் பஞ்சு எவ்வளவு மருந்தைப் பிடித்துக்கொள்கிறது என்று சோதிக்காமல் அதைத் தொடாதீர்கள். எலுமிச்சை, சிட்ரிக் அமிலம், சூயிங்கம் கொண்டு தூண்டிவிடவும் வேண்டாம். தூண்டிய உமிழ்நீரில் பைகார்பனேட் அதிகம், பி.எச். மாறும்.

பி.எச். மாறினால் என்ன ஆகும்? முதல் பகுதியில் போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். உமிழ்நீர் பி.எச். 6.4 என்றால் ஒட்டாத மருந்தில் பத்தில் ஒரு பங்கு உமிழ்நீரில் இருக்கும். 7.2 என்றால் பத்தில் ஆறு பங்குக்கும் மேல். அதே ஆள், அதே மாத்திரை, ரத்தத்தில் அதே அளவு. உமிழ்நீரில் ஆறு மடங்கு வேறுபாடு. எனவே மாதிரி கிடைத்த ஒரு நிமிடத்துக்குள் பி.எச். அளந்து எழுதுங்கள். திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறிக்கொண்டே போகும். பி.எச். தாளைக் குழாய்க்குள் முக்க வேண்டாம், கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் வையுங்கள். பி.எச். அளவி இருந்தால் சிறு துளிக்கான மின்முனை இன்னும் நல்லது.

கொள்ளளவை நுரையோடு கண்ணால் பார்க்காமல் எடை போட்டு எழுதுங்கள். ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டராகக் கொள்ளலாம்.

5. எடுத்துவருதல், உறைய வைத்தல்

மருத்துவமனையும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருந்தால் சிக்கல் இல்லை. கடலூரில் மாதிரி எடுத்து சிதம்பரத்துக்கோ புதுச்சேரியின் கோரிமேட்டுக்கோ கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். துறைமுகத்தில் மீனுக்கு வாங்கும் ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் தாராளமாகப் போதும். ஆனால் குழாய்களை இரண்டு பைகளில் போட்டு முடியுங்கள். உருகிய நீரில் பேனா எழுத்து கரைந்து, யாருடையது எது என்று தெரியாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். உறைநிலைக்கான ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதினால் மெத்தனால் பட்டாலும் அழியாது.

வந்ததும் மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள், மாதக் கணக்கில் என்றால் மைனஸ் 80. உறைவதும் உருகுவதும் உமிழ்நீரின் கொழகொழப்பைத் தரும் மியூசினை உடைத்துக் கீழே இறக்கும். அதனால் உடனே பகுப்பாய்வு செய்வதாக இருந்தாலும் ஒருமுறை உறையவிட்டு உருக்குவது நல்லது. எல்லா மாதிரிகளுக்கும், தெரிந்த அளவு மருந்து சேர்த்த அளவுத்திருத்த மாதிரிகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் இதைச் செய்யுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதிரி சேகரிப்பைத் திட்டமிடாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. உறைபெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு வேறு உறைபெட்டிகளில் வைப்பதில் செலவு எதுவும் இல்லை.

6. வெற்று உமிழ்நீரும் நியம மாதிரிகளும்

நியமக் கரைசலைத் தண்ணீரில் தயாரித்து, அந்தக் கோட்டை வைத்து உமிழ்நீரைக் கணக்கிடுவது பரவலான தவறு. உமிழ்நீரில் உள்ளவை மருந்தைப் பிடித்துக்கொள்ளலாம், மறைக்கலாம். எனவே அளவுத்திருத்த மாதிரிகளும் வெற்று உமிழ்நீரில்தான் தயாராக வேண்டும்.

வெற்று உமிழ்நீரைக் குறைந்தது ஆறு வேறு ஆள்களிடம் தனித்தனியாக வாங்குங்கள். உயிரியல் மாதிரிகளில் மருந்தை அளப்பதற்கான சர்வதேச வழிகாட்டி ஐ.சி.எச். எம்-10 எதிர்பார்ப்பதும் அதுவே. முதலில் ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டிப் பாருங்கள். மருந்து வரும் இடத்தில் தெரியும் பீக், மிகக் குறைந்த அளவுத்திருத்தப் புள்ளியின் பீக்கில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்டர்னல் ஸ்டாண்டர்டு இடத்தில் 5 சதவீதம். தேறியவற்றை மட்டும் கலந்து பயன்படுத்துங்கள்.

இபுப்ரோஃபெனுக்கு மில்லிலிட்டருக்கு 20, 50, 100, 200, 500, 1000 நானோகிராம் என ஆறு புள்ளிகள் வையுங்கள். அவற்றோடு மருந்தும் ஸ்டாண்டர்டும் இல்லாத வெற்று மாதிரி ஒன்று, ஸ்டாண்டர்டு மட்டும் உள்ளது ஒன்று. தரக்கட்டுப்பாட்டுக்கு 20, 50, 400, 800. இவற்றைத் தனியாக எடை போட்ட வேறொரு தாய்க்கரைசலிலிருந்து தயாரியுங்கள். ஒரே தாய்க்கரைசலானால் எடைத் தவறு இரண்டிலும் ஒளிந்துகொள்ளும்.

மெத்தனாலில் கரைத்த நியமத்தை உமிழ்நீரில் சேர்க்கும்போது மொத்தக் கொள்ளளவில் 5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் புரதம் அங்கேயே திரண்டுவிடும்.

7. பிரித்தெடுப்பு: வரிசை மாறக் கூடாது

வரிசை மாறக் கூடாத வேலைகள் மூன்று: இன்டர்னல் ஸ்டாண்டர்டு, அமிலம், அதன்பின் மறுபடி சென்ட்ரிபியூஜ். இவற்றை மாற்றிப் போட்டால் முடிவும் மாறும்.

உருகிய உமிழ்நீரை 4000 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றுங்கள். மேலே தெளிந்ததில் ஒரு மில்லிலிட்டர் எடுங்கள். அடியில் உள்ள மியூசின் திரளைப் பிப்பெட் முனை தொடக் கூடாது. பிப்பெட்டை மெதுவாக இழுங்கள். உமிழ்நீர் தடித்தது, வேகமாக இழுத்தால் காற்று நுழைந்து அளவு குறையும்.

உடனே 200 நானோகிராம் ஃப்ளர்பிப்ரோஃபெனைச் சேருங்கள். அமிலத்துக்கு முன்பே இதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இனி நடக்கும் ஒவ்வொரு இழப்பிலும் அதுவும் மருந்தோடு சேர்ந்தே இழக்கப்பட வேண்டும். அமிலம் சேர்த்தபின் போட்டால், திரண்ட புரதத்தில் மாட்டிக்கொண்ட மருந்தின் இழப்பை அது காட்டாது. சேர்த்தபின் வோர்டெக்ஸ் செய்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

பிறகு பி.எச். 2.5 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் (பஃபர்) கரைசல் ஒரு மில்லிலிட்டர். கலவையின் பி.எச். 3-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று ஒரு துளி எடுத்துப் பாருங்கள். உமிழ்நீரின் பைகார்பனேட் ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருடையது அமிலத்தைத் தின்றுவிடும். இறங்காவிட்டால் நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் சில துளிகள். பி.எச். 6.8-இல் இபுப்ரோஃபெனில் 99 சதவீதத்துக்கும் மேல் அயனியாக இருக்கும். கார்ட்ரிட்ஜ் அதைச் சரிவரப் பிடிக்காது. 2.5-இல் நிலைமை தலைகீழ். அளவு மீறி அடர் அமிலத்தை ஊற்றவும் வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்றவை கடும் அமிலத்தில் வளைய வடிவமாக மாறத் தொடங்கும்.

அமிலம் பட்டதும் மீதியுள்ள மியூசின் வெண்மையாகத் திரளும். புதியவர்கள் பெரும்பாலும் அப்படியே கார்ட்ரிட்ஜில் ஊற்றிவிடுவார்கள். மூன்றாவது மாதிரியிலேயே கார்ட்ரிட்ஜ் அடைத்துக்கொள்ளும், வெற்றிடத்தைக் கூட்டி இழுப்பார்கள், மருந்து ஒட்ட நேரமில்லாமல் கழிவுக்குள் போகும். இன்னொரு முறை சுற்றித் தெளிவானதை மட்டும் ஊற்றுங்கள்.

கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிலிட்டர் மெத்தனால், அடுத்து ஒரு மில்லிலிட்டர் அமிலத் தண்ணீர். அதன்பின் மாதிரி. சொட்டுச் சொட்டாக, நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டரைத் தாண்டாமல். கழுவ, 5 சதவீத மெத்தனால் கலந்த தண்ணீர் ஒரு மில்லிலிட்டர். அதிலும் அமிலம் இருக்கட்டும். இந்தக் கழுவலில் உப்பும் சர்க்கரையும் சிறு புரதத் துண்டுகளும் போகும். 20 சதவீத மெத்தனாலால் கழுவினால் வரைபடம் இன்னும் சுத்தமாகத் தெரியும், ஆனால் மருந்தும் கொஞ்சம் சேர்ந்து போகிறதா என்று கழிவை ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

ஐந்து நிமிடம் வெற்றிடத்தில் உலர்த்துங்கள். தண்ணீர் மிச்சம் இருந்தால் பின்னால் ஆவியாக்க நெடுநேரம் பிடிக்கும். நம் கரையோர ஈரப்பதத்தில் இது இன்னும் மோசம்.

பிறகு மெத்தனால் அரை மில்லிலிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டு இறக்குங்கள். இன்னொரு அரை மில்லிலிட்டர். ஒரே தடவையில் ஒரு மில்லிலிட்டர் ஊற்றுவதைவிட இரண்டு தடவையில் அதிகம் கிடைக்கும்.

நைட்ரஜன் மெல்லிய ஓட்டத்தில், 40 டிகிரி செல்சியஸில் ஆவியாக்குங்கள். உலர்ந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். இபுப்ரோஃபென் குறைந்த வெப்பத்தில் உருகும் பொருள். காய்ந்த குழாயைச் சூட்டில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் மருந்தும் கொஞ்சம் கிளம்பிவிடும்.

கடைசியில் 100 மைக்ரோலிட்டர் நகரும் நிலைமையில் கரைத்து, குழாய்ச் சுவரைச் சுற்றி நனைத்து, வோர்டெக்ஸ் செய்து, சுற்றி, மேல் திரவத்தைச் சிறு குப்பிக்கு மாற்றுங்கள். ஒரு மில்லிலிட்டர் நூறு மைக்ரோலிட்டரானதால் செறிவு பத்து மடங்கு கூடியிருக்கிறது. தூய மெத்தனாலில் கரைத்துச் செலுத்தினால் பீக் முன்னால் சாயும் அல்லது இரண்டாகப் பிளக்கும்.

8. கார்ட்ரிட்ஜ் வாங்கப் பணம் இல்லாவிட்டால்

நீர்ம-நீர்மப் பிரித்தெடுப்பு போதும். அமிலம் சேர்ப்பது வரை அதே வரிசை. பிறகு நான்கு மில்லிலிட்டர் எதில் அசிட்டேட், பத்து நிமிடம் மெதுவாகப் புரட்டல். வேகமாகக் குலுக்கினால் மியூசின் நுரைத்து நடுவில் பால் போன்ற அடுக்கு நிற்கும், பிரியாது. சுற்றி, மேல் அடுக்கில் மூன்று மில்லிலிட்டரை மட்டும் எடுங்கள். முழுவதையும் எடுக்க ஆசைப்பட்டால் கீழ் அடுக்கும் ஏறி வரும். எதில் அசிட்டேட் 220 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். அதனால் முற்றிலும் ஆவியாக்க வேண்டும்.

9. வண்ணப்பிரிகை

பிரிகைக் குழாய் சி-18, 150 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் உள்விட்டம், 5 மைக்ரோமீட்டர் துகள். அதன் முன்னால் காப்புக் குழாய் ஒன்று கட்டாயம். நகரும் நிலைமை அசிட்டோநைட்ரைல் 55 பங்கு, பி.எச். 3.0 உள்ள 20 மில்லிமோலார் பாஸ்பேட் தாங்கல் 45 பங்கு. ஓட்டம் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர், வெப்பம் 30 டிகிரி, செலுத்துவது 20 மைக்ரோலிட்டர், அளப்பது 220 நானோமீட்டரில்.

பி.எச்.-ஐ அசிட்டோநைட்ரைல் சேர்ப்பதற்கு முன், தாங்கல் கரைசலில் மட்டும் அளந்து சரிசெய்யுங்கள். கலந்தபின் மின்முனை காட்டும் எண்ணுக்கு அதே பொருள் இல்லை. பி.எச். 4.5-ஐ நெருங்கினால் மருந்து பாதி அயனியாகி, சிறு மாற்றத்துக்கும் வெளிவரும் நேரம் ஓடி விளையாடும்.

ஃபார்மிக் அமிலத்துக்குப் பதில் பாஸ்பேட்டைச் சொல்வதற்குக் காரணம் 220 நானோமீட்டரில் அதன் சுத்தமான அடிக்கோடு. நிறைமாலைமானிக்கு இது நேர் எதிர்: பாஸ்பேட் ஆவியாகாது, கருவியின் வாயை அடைத்துவிடும். அங்கே அம்மோனியம் அசிட்டேட் அல்லது மிகக் குறைந்த ஃபார்மிக் அமிலம். எதிர்மின் அயனி முறையில் இபுப்ரோஃபெனை நிறை 205-லிருந்து 161, டைக்ளோஃபெனாக்கை 294-லிருந்து 250 என்ற மாற்றத்தில் பின்தொடரலாம். இரண்டிலும் 44 குறைகிறது. கார்பாக்சிலிக் பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று போவதன் கணக்கு.

முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் காபீனும் பாராசிட்டமாலும் மற்ற நீர்நாட்டப் பொருள்களும் கும்பலாக வரும். அது கலையும்வரை பொறுத்து, பிறகு ஃப்ளர்பிப்ரோஃபென், அடுத்து இபுப்ரோஃபென். இரண்டும் அடிக்கோடுவரை பிரியாவிட்டால் அசிட்டோநைட்ரைலை 50-க்கு இறக்குங்கள்.

கரண்ட் போகும் ஊரில் பாஸ்பேட்டை இரவு முழுவதும் குழாயில் விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் 10 சதவீத அசிட்டோநைட்ரைல் கலந்த தண்ணீரால் அரைமணி நேரம் கழுவி, பிறகுதான் 70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். நேராகத் தூய அசிட்டோநைட்ரைலுக்குப் போனால் பாஸ்பேட் உள்ளேயே உப்பாகப் படிந்து அழுத்தம் ஏறிவிடும்.

10. கோட்டை நம்புவதற்கு முன்

மருந்தின் பீக் பரப்பை இன்டர்னல் ஸ்டாண்டர்டின் பரப்பால் வகுத்து, செறிவுக்கு எதிராக வரையுங்கள். எடையிடாத நேர்கோடு 1000 நானோகிராம் புள்ளிக்கு அடிபணிந்து 20-ஐக் கைவிட்டுவிடும். செறிவின் வர்க்கத்தின் தலைகீழை எடையாகக் கொடுங்கள். 0.999 என்று வந்த ஒட்டுறவு எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியையும் கோட்டிலிருந்து திரும்பக் கணக்கிட்டு, மிகக் குறைந்த புள்ளி 20 சதவீதத்துக்குள், மற்றவை 15 சதவீதத்துக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள்.

ஒரு தொகுதியில் தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்கும், ஒவ்வொரு அளவிலும் பாதியாவதும் 15 சதவீதத்துக்குள் (மிகக் குறைந்த 20 நானோகிராம் மாதிரிக்கு 20 சதவீதத்துக்குள்) இருந்தால்தான் அந்தத் தொகுதியின் நோயாளி முடிவுகள் செல்லும். 1000 புள்ளிக்கு அடுத்து வெற்று மாதிரியைச் செலுத்தி, முன்பு செலுத்திய மாதிரியின் எச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மீட்பு விகிதத்தை (சேர்த்த மருந்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதை) அளக்க மூன்று வரிசை தேவை: கரைப்பானில் மட்டும் உள்ள நியமம், பிரித்தெடுத்தபின் சேர்த்த நியமம், பிரித்தெடுக்கும் முன் சேர்த்த நியமம். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் பிரித்தெடுப்பின் மீட்பு கிடைக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உமிழ்நீரின் குறுக்கீடு. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். மீட்பு 60 சதவீதம்தான் வந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் அதே 60 வருகிறதா என்பதே கேள்வி.

11. வரைபடம் கோணலாக வந்தால்

இன்டர்னல் ஸ்டாண்டர்டு, மருந்து இரண்டும் சேர்ந்து சிறுத்தால் கார்ட்ரிட்ஜில் அல்லது ஆவியாக்கலில் இழப்பு. குறிப்பிட்ட நோயாளிகளிடம் மட்டும் சிறுத்தால் அவர்கள் மாதிரியின் பி.எச். இறங்கவில்லை. ஸ்டாண்டர்டு சரியாக இருந்து மருந்து மட்டும் எகிறினால் ரத்தம், வாய் எச்சம் அல்லது ஜெல் விரல்.

ஒரே நோயாளியின் எல்லா நேரங்களிலும் இபுப்ரோஃபென் இடத்தில் அசையாத அதே உயர பீக் இருந்தால் அது மருந்தாக இருக்க வாய்ப்பில்லை. மருந்து ஏறி இறங்கும். பூஜ்ய நேர மாதிரியோடு மேலே மேலே வைத்துப் பாருங்கள்.

வெளிவரும் நேரம் மெல்ல மெல்லத் தள்ளிப்போனால் நகரும் நிலைமையில் அசிட்டோநைட்ரைல் ஆவியாகிறது என்று சந்தேகியுங்கள். மே மாதத்தில் குளிர்சாதனம் நின்றுபோன அறையில் இது அடிக்கடி நடக்கும். புட்டி மூடியை இறுக்குங்கள்.

12. முடிவை எழுதுவதும் மேசையைத் துடைப்பதும்

ஒவ்வொரு செறிவின் பக்கத்திலும் அந்த மாதிரியின் பி.எச்., எடை, எடுக்க ஆன நிமிடம், மாத்திரைக்குப் பின் ஆன நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பி.எச். இல்லாத உமிழ்நீர் எண்ணை வைத்து ரத்த அளவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சாதாரண சி-18 குழாய் இபுப்ரோஃபெனின் வலக்கை, இடக்கை வடிவங்களைப் பிரிக்காது என்பதால் நீங்கள் அளந்தது இரண்டின் கூட்டுத்தொகை என்றும் குறிப்பிடுங்கள்.

கணக்கிட்ட செறிவு 20-க்குக் கீழே வந்தால் எண்ணை எழுதாமல், அளவீட்டு எல்லைக்குக் கீழ் என்று எழுதுங்கள். 1000-க்கு மேல் வந்தால் கோட்டை நீட்டாமல், வெற்று உமிழ்நீரால் நீர்த்து மறுபடி பிரித்தெடுங்கள்.

மீதி உமிழ்நீரும் பயன்படுத்திய முனைகளும் உயிரி மருத்துவக் கழிவு. ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்தே அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் அமிலம் சேர்த்த குழாய்களை அதே வாளியில் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அவற்றைத் தனி டப்பாவில் சேர்த்து, முதலில் பைகார்பனேட்டால் நடுநிலையாக்குங்கள். அசிட்டோநைட்ரைல், எதில் அசிட்டேட் கழிவுகளுக்கு மூடியுள்ள வேறொரு கேன். அதன்மேல் பெயரும் தேதியும் எழுதி, அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்கள்.